புதுப்பிப்பு: பாதியில் நின்ற தானே புயல் கதையை முடித்துவிட்டேன்

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைப் புரட்டிப்போட்ட தானே புயலை வைத்துத் தொடங்கிய சிறுகதை நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டது, எப்படித் தொடர்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தினமும் 500 சொல் எழுதச் சொன்னதை முதலில் முயன்றேன். பத்து நாளுக்கு மேல் முடியவில்லை. வேலை முடிந்து கடலூர் முதுநகர் வீட்டுக்கு வந்து சேரவே இரவு எட்டாகிவிடுகிறது. பலன் தந்தது, எழுதியதை யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி இங்கே ஒரு அக்கா தந்த யோசனைதான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த பெரியம்மாவுக்குப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மரம் விழுந்த சத்தத்தை எழுதியிருக்க. மறுநாள் காலையில வாசல்ல நின்னா அடுத்த ஊரு கோபுரம் தெரிஞ்சுது, நடுவுல தோப்பே இல்ல. அதை எழுதலையேப்பா" என்றார். கதை அங்கேதான் இருந்தது. புயல் இரவை இரண்டு பத்தியாகக் குறைத்து, அந்தக் காலையிலிருந்து மறுபடி தொடங்கினேன். பதினெட்டு நாளில் முடிந்தது.

எதிர்பாராத இன்னொன்று: படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் வாக்கியம் தேவையில்லாமல் நீண்டிருந்தது. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள், திருத்துவது சுலபம்.

ஒரு இதழுக்கு அனுப்பினேன், ஏற்கவில்லை. வருத்தம்தான், ஒரு வாரம் நோட்டைத் தொடவில்லை. அப்புறம் முடிவை மாற்றி எழுதி, போன திங்கள்கிழமை வேறு இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த கதைக்கும் நாலு பக்கம் ஆகிவிட்டது.