மூணாறில் உறைபனி, அப்புறம் எங்கே வெப்பமயமாதல்?

கூடலூரான்:
நேற்று மூணாறு பக்கம் செண்டுவாரை எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். காலை ஆறரைக்கு ஜீப் பானட்டில் விரலை வைத்து இழுத்தால் உப்புத்தூள் மாதிரி பனி ஒட்டிக்கொண்டு வருகிறது. பள்ளத்துத் தேயிலையெல்லாம் கருகல். பூமி சூடாகிறது என்று பாடம் எடுப்பவர்கள் ஒரு ராத்திரி இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் படுத்துப் பார்க்கட்டும்.

ஏலத்தட்டை:
அண்ணே, பள்ளத்துத் தேயிலை கருகியது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மேட்டில் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் கருகியதா? வானம் தெளிந்து, காற்று அசையாமல் இருந்தால் தரைச் சூடு ராத்திரியோடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஜனவரியில் இது எப்போதும் நடப்பதுதான்.
2019 ஆகஸ்டில் ஏலம் விட்டபோது ஏலக்காய் ஒரே ஒரு லாட், அதாவது ஒரு குவியல், கிலோ 7000 ரூபாய்க்குப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அதை வைத்து யாராவது வருஷ வருமானத்தைக் கணக்குப் போட்டோமா? சராசரியைத்தானே பார்த்தோம். ஒரு ராத்திரிப் பனியை வைத்துப் பூமிச் சூட்டைக் கணக்குப் போடுவதும் அப்படித்தான். உலகச் சராசரி வெப்பம் தொழில்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் வருஷம் 2024.

கூடலூரான்:
சரி, 1924க்கு வாருங்கள். தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று கிழவர்கள் சொல்வார்களே, கொல்லம் ஆண்டு 1099. மூணாறில் ஓடிய ரயிலையே அடித்துக்கொண்டு போனது. அன்றைக்கு இந்த மலையில் எத்தனை கார் இருந்தது?

குமுளி மருமகன்:
மூணாறில் ரயிலா! எங்கள் மாமனார் சொன்னபோது கதை விடுகிறார் என்று நினைத்தேன்.

ஏலத்தட்டை:
ரயில் நிஜம்தான். முன்பு வெள்ளமே வந்ததில்லை என்று யாரும் சொல்லவில்லை அண்ணே. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிகமாக ஈரம் தாங்கும். அதனால் வருகிற மழை இன்னும் பலமாகக் கொட்டும். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு விஞ்ஞானிகள் போட்ட கணக்கிலும், அந்த மாதிரி ஒருநாள் மழை வெப்பமயமாதலால் சுமார் 10 சதவீதம் கூடியிருக்கிறது என்றுதான் வந்தது.
அதே வருஷம் கோடையில் என் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் குளம் வற்றி, அடியில் படுதாவின் மடிப்பு தெரிந்தது. தட்டை, அதாவது ஏலச்செடியின் தண்டு, நடுவில் மடங்கி விழுந்தது. காய் பிடிக்கிற சரத்தைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

கூடலூரான்:
பார்த்தேன் தம்பி. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தையும் பார்த்தேன். அங்கே மரம் நின்றது, அதனால் செடியும் நின்றது. கவாத்து என்ற பேரில் நிழலுக்கு நின்ற உன் பலாவையும் சந்தனவேம்பையும் மொட்டையடித்தது யார், அமெரிக்காக்காரனா?

ஏலத்தட்டை:
அது என் தப்புதான். வெளிச்சம் கூடினால் காய் கூடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வெட்டினேன். ஆனால் ஒன்று அண்ணே, மரம் அப்படியே நின்ற இரண்டு ஏக்கரிலும் பாதிச் சரம் போனது. அந்த வருஷம் பசிபிக் கடல் தானாகவே சூடாகிற எல் நினோவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. எல்லாப் பழியையும் உலகத்தின் தலையில் போட முடியாது. அதற்காக எல்லாவற்றையும் என் அரிவாள் தலையிலும் போடாதீர்கள்.

கூடலூரான்:
பாதி பிழைத்ததா இல்லையா? நான் அந்தப் பாதியைத்தான் சொல்கிறேன். பனி விஷயத்தில் உன் லாட் கணக்கு எனக்கு இன்னும் இறங்கவில்லை.

குமுளி மருமகன்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். சந்தனவேம்பு நாற்று இப்போது நட்டால் நிழல் கட்ட எத்தனை வருஷம் ஆகும்?