அம்பாரோ: 'காப்பாணை' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஸ்பானியர் ஆண்ட மெக்சிகோவில் பூர்வகுடி ஊர்கள் நடத்திய வழக்குகளில் 'அம்பாரோ' என்ற சொல் அடிக்கடி வருகிறது. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு அடைக்கல ஆணை, தடையாணை, பாதுகாப்பு ஆணை என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு நிறைவாக இல்லை. அந்த ஆணை என்ன வேலை செய்தது என்பதை முதலில் பார்ப்போம்.

ஓர் ஊரின் மக்காச்சோளக் கொல்லையில் ஸ்பானியப் பண்ணைக்காரரின் மாடுகள் இறங்கி மேய்கின்றன. கொஞ்ச நாளில் அவர் கொல்லையே தன்னுடையது என்கிறார். ஊர்க்காரர்கள் மெக்சிகோ நகரத்துக்குப் போய் வைஸ்ராயிடம் மனுக் கொடுக்கிறார்கள். அம்பாரோ கிடைக்கிறது: இவர்கள் தரப்பைக் கேட்டு, சட்டப்படி இவர்கள் தோற்றாலொழிய யாரும் இவர்களை நிலத்தை விட்டு இறக்கக் கூடாது, உள்ளூர் அதிகாரி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை இந்த ஆணை தீர்மானிப்பதில்லை. அனுபோகத்தில் இருப்பவரைக் காக்கிறது, அவ்வளவுதான். மறுப்பவர் தனியாக வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். பண்ணைக்காரரை எதிர்த்து நிற்கும் ஓர் ஏழை ஊருக்கு இது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

1592 முதல் 1820 வரை பூர்வகுடியினரின் வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றமும் இருந்தது. வைஸ்ராய்தான் நீதிபதி. கப்பம் கட்டும் பூர்வகுடியினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு அரை ரியால் (அக்கால ஸ்பானிய வெள்ளி நாணயம்) கூடுதலாகக் கட்டினார்கள்; வழக்கறிஞர் முதலிய அலுவலர்களின் சம்பளம் அதிலிருந்து போனது. அதாவது அந்த நீதிமன்றம் அவர்கள் காசில்தான் நடந்தது.

அதனால்தான் 'அடைக்கலம்' வேண்டாம் என்கிறேன். அம்பாரோ என்பதன் அகராதிப் பொருளுக்கு அது நெருக்கம்தான். ஆனால் அடைக்கலம் என்றதும் ஓடி வந்து காலில் விழுகிறவர் நினைவுக்கு வருகிறார். ஸ்பானியச் சட்டம் இவர்களை இரங்கத்தக்கவர்கள் என்ற வகையில் வைத்தது உண்மை. அந்த வகைக்கு உரிய சலுகைகளையே மனுவில் எழுதிக் கேட்டு வாங்கிய சாமர்த்தியசாலிகள் இவர்கள். சில சமயம் பக்கத்து ஊர் மீதும், தங்கள் சொந்தத் தலைவர்கள் மீதும்கூட வழக்காடினார்கள்.

'தடையாணை' பாதியைத்தான் சொல்கிறது. காக்க வேண்டிய பொறுப்பு அதில் வரவில்லை. 'பாதுகாப்பு ஆணை' நம் ஊரில் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஏற்கெனவே புழங்குகிறது.

என் பரிந்துரை 'காப்பாணை'. நிலம் தொடர்பாக வரும்போது 'அனுபோகக் காப்பாணை'. அனுபோகம் நம் பத்திரங்களில் புழங்கும் சொல் என்பதால் படிப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. 'காப்புரிமை'யோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஆணை என்று முடிவதால் குழம்பாது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. 1841இல் தென்கிழக்கு மெக்சிகோவிலுள்ள யுகடானின் அரசியலமைப்பிலும், 1847இல் மெக்சிகோவின் கூட்டாட்சிச் சட்டத்திலும் அம்பாரோ அடிப்படை உரிமைகளுக்கான வழக்காக இடம்பெற்றது, இன்றும் இருக்கிறது. அதைக் 'காப்பாணை வழக்கு' என்றுவிடலாம். பழைய அம்பாரோவும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் பெயர்த் தொடர்ச்சி தமிழிலும் தெரிய வேண்டும்.

சரி, நீதிமன்றத்தின் பெயர் பாக்கி இருக்கிறது. 'பழங்குடி நீதிமன்றம்' என்றால் பழங்குடியினரே நடத்தியது போல ஆகிவிடும். தவிர, மெக்சிகோவின் பூர்வகுடிகளான நாவா, சபோடெக் மக்கள் ஊர்கட்டி உழுதவர்கள். நம் வழக்கில் பழங்குடி என்றால் மலையும் காடும்தான் மனதில் வரும். 'பூர்வகுடிகளுக்கான பொது நீதிமன்றம்' நீளமாக இருந்தாலும் சரியாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.