பெரிய கோயில் சிற்பிக்குப் பெயர் வேண்டியிருந்ததா?

வடவாற்றங்கரை:
உளிமுனை என்னும் நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. "தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய சிற்பிகளில் ஒருவர்கூடத் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளவில்லை, உண்மையான கலைஞன் தன் மனநிறைவுக்காகவே படைக்கிறான், ஊரார் பாராட்டுக்காக அன்று" என்று அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். அக்கோயிலின் கல்வெட்டில் "வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்" என்று தலைமைச் சிற்பியின் பெயர் இருக்கிறது. பேரரசன் தன் பெயரையே பட்டமாகத் தச்சனுக்குச் சூட்டிக் கல்லிலும் வெட்ட வைத்திருக்கிறான். இதைவிடப் பெரிய அங்கீகாரம் எந்தக் கலைஞனுக்குக் கிடைத்திருக்கிறது? படிக்காமல் எழுதுவதை நண்பர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உளிமுனை:
படிக்காமல் எழுதவில்லை. "பொறித்துக்கொள்ளவில்லை" என்று எழுதினேன். "பொறிக்கப்படவில்லை" என்று எழுதவில்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு தெரியாதவர் கல்வெட்டு வாசிப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பது வியப்பாக இருக்கிறது. அந்தப் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லியிருக்கலாமே? தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலின் ஆடல் மகளிர், 400 பேருக்கு வீடும், ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளித்ததைச் சொல்லி, அதைத் தொடர்ந்து மற்றப் பணியாளர்களுக்கு உரிய பங்குகளைச் சொல்லும் பட்டியலில்தான் வருகிறது. அதே பட்டியலில் நாவிதரும் "இராசராசப் பெருநாவிசன்" என்ற பட்டத்தோடு இருக்கிறார். அது நெல் அளப்பதற்கான கணக்கு. அதைக் கலைக்குக் கிடைத்த பாராட்டு என்று எப்படிக் கொள்வது?

வடவாற்றங்கரை:
கணக்கோ, கவிதையோ, பெயர் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. தம்பி இதை முதலில் ஒப்புக்கொள்ளட்டும்.

அரிசிலாறு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாவிதருக்கும் அதே பட்டம் கிடைத்தது என்பதைப் பெருந்தச்சனுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டதைப் போல உளிமுனை எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கத்தி பிடிக்கும் கைக்கும் உளி பிடிக்கும் கைக்கும் ஒரே பட்டத்தைக் கொடுத்த அரசனுக்கு இருந்த மரியாதை ஆயிரம் ஆண்டு கழித்து நமக்கு இல்லையா?

உளிமுனை:
அம்மா, நான் எவரையும் இழிவாகச் சொல்லவில்லை. பட்டியலின் தன்மையை விளக்கினேன், அவ்வளவுதான். வடவாற்றங்கரை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, என்னைத் "தம்பி" என்று அழைக்க வேண்டாம்.

வடவாற்றங்கரை:
எனக்கு அறுபத்தெட்டு. வயதைப் பேசி விலகிப்போக வேண்டாம். பெயர் இருக்கிறதா, இல்லையா?

உளிமுனை:
இருக்கிறது, பணியாளர் பட்டியலில். "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்றுதான் இராசராசன் ஆணையிட்டான். கொடுத்தவர்களின் பெயரை வெட்டச் சொன்னானே தவிர, செய்தவர்களின் பெயரை வெட்டச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். கருவறைக்கு மேல்தளத்தில் உள்ள சுற்றுப்பாதையில் நாட்டியக் கரணங்கள், அதாவது ஆடல் நிலைகள், 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. சிவபெருமானே ஆடிக் காட்டுவதாக அமைந்தவை அவை. 1956ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் கண்டறிந்து சொல்லும் வரை உலகம் அவற்றை அறிந்திருக்கவில்லை. இன்றும் பொதுமக்கள் அங்கே ஏற முடியாது. அந்த இருட்டில், எவரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், விரல் மடிப்பு வரை பிசகாமல் செதுக்கியவர் யாருடைய கைதட்டலுக்காகச் செதுக்கினார்?

வடவாற்றங்கரை:
நண்பர் தம் வாதத்துக்குத் தாமே குழி பறித்துவிட்டார். கரணங்கள் 108 அல்லவா? 81 ஆவதோடு வேலை நின்று, மீதி 27 இடங்களும் வெறும் கல்லாகவே கிடக்கின்றன. மனநிறைவுக்காகச் செதுக்கியவர்கள் என்றால் அந்த 27ஐயும் முடிக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா? படியளப்பு நின்றது, உளியும் நின்றது. எனக்கு அப்படித்தான் படுகிறது. அதோடு, இறைவன் பார்க்கிறான் என்று நம்பியே அவர்கள் செதுக்கினார்கள். அவர்களுக்கு அவனைவிடப் பெரிய பார்வையாளன் யார்? மறுபடியும் சொல்கிறேன்: குஞ்சரமல்லன் என்ற பெயர் கல்லில் இருக்கிறது.

உளிமுனை:
வேலை ஏன் நின்றது என்பது எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததைப் போல எழுதுவது உங்களுக்குப் புதிதன்று.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். என் தாய்மாமன் சுவாமிமலையில் படிமம் வார்ப்பவர். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கிச் சேர்த்துப் பிடித்த மெழுகில் அம்மன் உருவத்தைச் சமைத்து, நறுக்கோலையை மடித்து அளவு பார்த்து, காவிரி வண்டலைப் பூசி வார்த்தெடுத்த பிறகு அவர் அதிக நாள் செலவிடுவது முதுகுப் பக்கத்தில்தான். தலைக்குப் பின்னே சிரச்சக்கரம், அதன் கீழே பிடரியில் புரளும் சுருள்முடி, இடுப்பில் ஆடையின் முடிச்சு என்று ஒவ்வொன்றையும் சிற்றுளியால் நாள்கணக்கில் தட்டுவார். பட்டும் மாலையும் சார்த்திய பிறகு அந்த முதுகு எவர் கண்ணுக்கும் படாது. "அபிஷேகம் செய்கிற குருக்கள் மட்டும்தானே மாமா பார்ப்பார்?" என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு அவர் விடைகூடச் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தார்.

வடவாற்றங்கரை:
அபிஷேகத்தின்போது குருக்களும் இருக்கிறார், கூடி நிற்கும் ஊரும் இருக்கிறது. உற்சவர் வீதியுலா போகும்போது பின்னால் நடந்து வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டா வருகிறார்கள்? போகட்டும். தம் மாமன் எட்டு மாதம் உழைத்து வார்த்த நடராசரை ஒரு விற்பனைக்கூடம் தன் பெயர் அட்டையை மட்டும் மாட்டிக் காட்சிக்கு வைத்தது என்று சென்ற ஆண்டு இதே இடத்தில் நான்கு நாள் கொதித்தவர் உளிமுனைதானே? பெயர் வேண்டாதவர்களுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது?

உளிமுனை:
வருந்தியது நான், அவர் அன்று. என் துயரத்தை எடுத்து என் மீதே எறிவது பண்பாகாது.

அரிசிலாறு:
அவருடைய வீட்டுக் கதையை இதற்குள் இழுத்தது தவறு என்றே நானும் எண்ணுகிறேன்.

வடவாற்றங்கரை:
தாய்மாமனை இழுத்து வந்தவர் அவர், நான் பின்தொடர்ந்தேன். வீட்டை விட்டுவிட்டு மாமல்லபுரத்துக்கு வருவோம். அதன் அருகே பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், கொல்லன் ஸேமகன் என்று பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே நெல் கணக்கும் இல்லை, அரசாணையும் இல்லை; வெறும் பெயர்கள். கல்லுடைத்த களைப்பிலும் உட்கார்ந்து தம் பெயரைப் பாறையில் வெட்டிய அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். "பொறித்துக்கொள்ளவில்லை", "பொறிக்கப்படவில்லை" என்று இலக்கணம் பேசியவருக்காகவே சொல்கிறேன்: இவை பொறித்துக்கொண்ட பெயர்கள். நாம் இருந்தோம், நாம் செய்தோம் என்று யாரேனும் அறிய வேண்டும் என்ற ஏக்கம் இதில் தெரியவில்லையா?

உளிமுனை:
நான் பேசியது தஞ்சையைப் பற்றி. நீங்கள் பல்லவர் காலத்துக்குத் தாவுகிறீர்கள். அப்படியே கொண்டாலும், அந்தப் பெயர்களை ஐந்து இரதங்களின் மீதோ கடற்கரைக் கோயிலின் மீதோ வெட்டாமல், பார்க்க வருபவர்கள் வராத ஒரு பாறையில் ஏன் வெட்டினார்கள்? பாராட்டு வேண்டியவன் வாசலில் எழுதுவான்.

வடவாற்றங்கரை:
வாசலில் எழுத எவன் விட்டான்? விடாததனால்தான் பாறையைத் தேடிப் போனார்கள்.

உளிமுனை:
விடவில்லை என்பதற்குச் சான்று?

வடவாற்றங்கரை:
வேண்டாம் என்றிருந்தார்கள் என்பதற்குச் சான்று? நீங்கள் காட்டியது ஒரு முதுகு. நான் காட்டியது பெயர். வருகிற சனிக்கிழமை பெரிய கோயிலுக்குப் போய், அந்தக் கல்வெட்டு வரியின் முன்னால் நின்று படமெடுத்து இங்கே இடுகிறேன்.

உளிமுனை:
முழுப் பட்டியலையும் படமெடுத்து இடுங்கள். பெருந்தச்சனின் வரியை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டாம். நாவிசனின் வரியும் அதில் இருக்க வேண்டும்.

அரிசிலாறு:
மறுபடியும் நாவிசனா?