அகல இலைப் பிளான்டெயின்: காயைத் திறந்து பார்த்தால்தான் பெயர் உறுதி

ஸ்கார்பரோவிலிருந்து:

இஞ்ச, கனடாவின் ஒன்ராறியோவில், முற்றத்துப் புல்லிலும், நடைபாதை ஓரத்திலும், பஸ் தரிப்பிடத்தைச் சுற்றி மிதிபட்டு இறுகின மண்ணிலும் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிற அகல இலைச் செடியைக் கண்டவுடன் பலரும் பிளான்டெயின் (வாழையில்லை, புல்லில் முளைக்கிற களை) இனங்களில் ஒண்டான பிளாண்டேகோ மேஜர் எண்டு எழுதிவிடுகினம். இஞ்ச அப்படி முடிவெடுக்கேலாது. ஐரோப்பாவிலிருந்து வந்த மேஜரும், கிழக்கு வட அமெரிக்காவுக்கே உரிய பிளாண்டேகோ ருகேலியும் ஒரே புல்தரையில் அருகருகே நிற்கும். இலையின் அகலமும் நரம்புகளின் எண்ணிக்கையும் ஒண்டையொண்டு பிரித்துக் காட்டாது.

முதலில் இலைக்காம்பு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கோ. ருகேலியில் அங்கே சிவப்போ ஊதாவோ ஏறியிருக்கும். மேஜரில் வெளிர் பச்சைதான். ஆனால் வறட்சியிலும் குளிரிலும் வாடின மேஜரின் காம்பும் சிவக்கும். அதனால் நிறத்தைச் சந்தேகமாக மட்டும் குறித்துக்கொண்டு காய்க்குப் போங்கோ.

காய் முற்றினதும் அதன் மேல்பகுதி தொப்பிபோலக் கழலும். அந்தத் தொப்பி எங்கே வெட்டுப்படுகிறது என்பதுதான் எனக்கு எல்லாத்தையும்விட நம்பகமான அடையாளம். மேஜரின் காய் முட்டை வடிவம், சுமார் 3 முதல் 4 மி.மீ.; நடுப்பகுதியிலேயே வளையமாகத் திறக்கும். ருகேலியின் காய் ஒடுங்கி நீண்டு 4 முதல் 6 மி.மீ. வரை வரும், வெட்டு நடுவுக்கு நல்லாய்க் கீழே, புல்லிவட்டத்துக்குள் மறைந்து கிடக்கும். வெளியில் வெட்டுக்கோடு தெரியவில்லை எண்டால் புல்லி இதழை ஊசியால் விலக்கிப் பாருங்கோ.

விதையையும் எண்ண வேணும். பழுப்பேறின கதிரை வெட்டிக் காகித உறையில் நாலைந்து நாள் காயவிட்டு, வெள்ளைத் தாளில் வைத்துக் காய்களை ஒவ்வொன்றாகத் திறவுங்கோ. ருகேலியில் ஒரு காய்க்கு 4 முதல் 9, ஒவ்வொன்றும் 1.5 மி.மீ.க்கு மேல். மேஜரில் பெரும்பாலும் பத்துக்கு மேல், சிலவேளை இருபதும் தாண்டும், 1 மி.மீ. அளவில் கோணல்மாணலாக இருக்கும். ஒரு காயை எண்ணி விட்டுவிடக்கூடாது. கதிர் நுனிக் காய்களில் விதை சரியாய்ப் பிடிக்காது. நடுக்கதிரிலிருந்து ஐந்து காய் எடுத்தால் போதும்.

ஈரக் கதிரில் இந்த வேலையைச் செய்யாதேங்கோ. நனைந்த விதையின் மேல்தோல் வழவழத்து விரலோடு ஒட்டிக்கொள்ளும், எண்ணவே ஏலாது. சப்பாத்திலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டி இந்தச் செடி ஊர் ஊராகப் போனதும் அதே பசையால்தான்.

ஊட்டியிலிருந்து:

அந்தப் பசையைப் பார்க்க வேண்டுமென்றால் மருந்துக்கடை இசப்கோலே போதும் அண்ணா. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பயிராகிற பிளாண்டேகோ ஓவாட்டாவின் விதை உமி அது, இதே பேரினம்.

நீலகிரிச் சாலை ஓரங்களில் வேறொரு குழப்பம். இங்கே அகல இலையோடு கிடைப்பதில் ஆசிய வகையும் சேர்ந்தே வரும். படத்தை மட்டும் பார்த்து மேஜர் என்று பதிவு போட்டவற்றை நான் ஏற்பதில்லை. ஆசிய வகையில் காயின் மூடி அடிப்பகுதிக்கு அருகில் திறக்கும், விதைகள் பொதுவாகக் குறைவு, சற்றுப் பெரியவை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இரண்டு நிமிட வேலை. படம் எடுப்பவர்கள் தயவுசெய்து காய்ந்த கதிரையும் அருகில் ஒரு அளவுகோலையும் சேர்த்து எடுங்கள்.

குறுகிய, ஈட்டி போன்ற இலை கொண்ட லான்சியோலேட்டாவும் இங்கே உண்டு. அதில் தவறவே முடியாது: பூத்தண்டில் நீளவாக்கில் வரப்புகள் ஓடும், விரலிடுக்கில் உருட்டினால் தெரியும். கதிர் குட்டையாகத் தண்டின் உச்சியில் மட்டும் இருக்கும், வெளிர் மகரந்தப்பைகள் அதைச் சுற்றி வளையம் கட்டும். காய்க்கு இரண்டே விதை, ஒரு பக்கம் படகு போலக் குழிந்தது.

லண்டனிலிருந்து:

இங்கே அந்த லான்சியோலேட்டா எங்கும் உண்டு. அதன் மகரந்தம் காற்றில் பரவுவதால், ஒவ்வாமை உள்ளவர்கள் பூத்த கதிரை முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். இதே மகரந்தம் ஏரிப் படிவுகளில் திடீரெனப் பெருகுவதை வைத்துத்தான் 1941இல் டென்மார்க்கின் மகரந்த ஆய்வாளர் யோஹானஸ் இவர்சன், கற்கால உழவர்கள் காட்டைத் திறந்த காலத்தைக் காட்டினார். களை என்று ஒதுக்குகிற செடிக்கு இத்தனை வரலாறு!

பிளான்டெயின் இலையைச் சமைக்கவோ கடிவாயில் கசக்கிப் பூசவோ பறிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூக்காத ஃபாக்ஸ்குளோவ் செடியும் இப்படித்தான் தரையில் வட்டமாக இலை விரிக்கும். அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. 1997இல் அமெரிக்காவில் பிளான்டெயின் என்று விற்ற மூலிகைச் சரக்கில் ஃபாக்ஸ்குளோவ் இனமான டிஜிட்டாலிஸ் லனாட்டா கலந்திருந்தது தெரியவந்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. பிளான்டெயினில் தடித்த நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை வளைந்து இணையாக ஓடும். காம்பை மெல்ல இழுத்து அறுத்தால் நரம்பு நூலாக நீண்டு வரும். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துவிடும், சோதனை பொய்த்துவிடும். ஃபாக்ஸ்குளோவில் நரம்புகள் வலை போலக் கிளைக்கும், இலை மெத்தென்று மயிரடர்ந்திருக்கும், இந்த நூல் வராது. நரம்பு, நூல் இரண்டும் ஒத்துவராத இலையைக் கூடையில் போடாதீர்கள். லில்லி ஆஃப் த வேலிக்கும் இணை நரம்புதான், அதுவும் நஞ்சு. ஆனால் அதில் இரண்டு மூன்று இலைகள் நிமிர்ந்து நிற்கும், தரையில் வட்டமாகப் படியாது.

ஒன்ராறியோவின் மார்க்கம் நகரிலிருந்து:

அகல இலைப் பிளான்டெயினை அகற்ற விரும்புபவர்களுக்கு. புல்வெட்டி ஏன் இதை ஒன்றும் செய்வதில்லை என்றால், வளரும் முனை மண் மட்டத்திலேயே இருக்கிறது. கத்தி மேலால் போய்விடும். கையால் இலையைப் பிடித்து இழுத்தால் இலைதான் வரும், அடிக்கட்டை மண்ணிலேயே தங்கித் திரும்பவும் துளிர்க்கும். ஆழ ஓடும் ஆணிவேர் இல்லை, கொத்தாகச் சல்லிவேர்தான். மழைக்கு மறுநாள் இரட்டைப் பல் களைக்கம்பியை 7, 8 செ.மீ. ஆழத்துக்கு நாலு பக்கமும் குத்தி நெம்பினால் முழுதாக வந்துவிடும்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுப் புல்லுக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி தெளிக்கத் தடை. அனுமதி உள்ள இரும்புக் கரைசலை அடித்தால் இலை விரைவிலேயே கறுக்கும். ஆனால் வளர்ந்த செடியின் அடிக்கட்டை பிழைக்கும், மூன்று நாலு கிழமை கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டிவரும். சீமெந்தில் பட்டால் துருக்கறை பிடிக்கும், உடனே கழுவிவிடுங்கோ.

விதை பிடித்த கதிரை வீட்டு உரக்குழியில் போடாதேங்கோ. அங்கே விதையைக் கொல்லும் சூடு ஏறாது. பிடுங்கின இடத்தை வெறுமையாக விட்டாலும் பழைய விதையே முளைக்கும்: ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் முதல் பாதியில் மக்கின உரம் நிரப்பிப் புல்விதை தூவுங்கோ, புல்லை 7 செ.மீ.க்குக் கீழே வெட்டவேண்டாம். ஒரே தடத்தில் தொடர்ந்து முளைத்தால் அந்த மண் இறுகிப் போயிருக்கு. மண்ணில் துளையிட்டு உருளை உருளையாக மண்ணை எடுக்கிற இயந்திரத்தை அங்கே ஓட்டாமல் எத்தனை தரம் பிடுங்கினாலும் புல் பிடிக்காது.

ஸ்கார்பரோவிலிருந்து:

பிடுங்க முன்னம் ஒரு முற்றின கதிரை வெட்டி, திகதியும் இடமும் எழுதின உறையில் போட்டு வையுங்கோ. எந்த இனம் எண்டு பிறகு ஆறுதலாய்ப் பார்க்கலாம்.