9-4ல் இருந்து தோற்ற பிள்ளை: குறை மனசிலா, கோச்சிடமா?

கெலுகோர் அம்மா | சனி, இரவு 9.40

என் மகளுக்கு 13 வயது. ஸ்குவாஷ் ஆடுகிறாள். போன வாரம் கோலாலம்பூரில் வயதுப்பிரிவுப் போட்டி, காலிறுதி. ஐந்தாவது கேமில் 9-4 என்று முன்னால் இருந்தாள். இன்னும் இரண்டே புள்ளி. 9-11ல் தோற்றுவிட்டு வெளியே வந்தாள்.

கோச் தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டவில்லை. "உனக்கு மனசு வீக். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். பினாங்கு வந்து சேரும் வரை மகள் வாய் திறக்கவில்லை. தாப்பாவில் நிறுத்தி நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மனசு பிறக்கும்போதே வருகிறதா? அதைச் சொல்லிக் கொடுப்பது கோச்சின் வேலையில் சேராதா?

பழைய ஓட்டக்காரன் | சனி, இரவு 10.15

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. அவர் சொன்ன விதம் தப்பு, சொன்னது தப்பில்லை.

உங்கள் ஊர்ப் பெண் நிக்கோல் டேவிட்டையே எடுத்துக்கொள். 2014, கெய்ரோ, உலகப் போட்டி இறுதியாட்டம். எதிரே எகிப்துக்காரி ரனீம் எல் வெலிலி, ஊரே அவர் பக்கம். கேம் கணக்கில் 1-2 என்று பின்னால். நாலாவது கேமில் 6-10. ஒரு புள்ளி போனால் கதை முடிந்தது, அப்படி நாலு முறை. அந்தக் கேமை 14-12 என்று பிடுங்கினார், அடுத்ததை 11-5 என்று முடித்தார். எட்டாவது உலகப் பட்டம். அந்த நேரத்தில் கோச் உள்ளே போய்ப் பந்தை அடித்தாரா? கோர்ட் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது ஆளும் மனசும்தான்.

அந்தக் கால டாக்டர் ஜெகதீசன்? 1968ல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசிய தேசிய சாதனை உடைய 2017 ஆகிவிட்டது. 49 வருஷம்! இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வீடியோ, ஊட்டச்சத்து நிபுணர், ஏசி அறை எல்லாம் இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் இல்லை.

பந்தாய் மாணவி | சனி, இரவு 10.52

ஐயா, ஜெகதீசன் அவர்களைக் குறைத்துப் பேசவில்லை. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியவர். ஆனால் மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரம். காற்று அடர்த்தி குறைவு, குறுந்தூர ஓட்டத்துக்கு அது தோள் கொடுக்கும். அந்த ஒலிம்பிக்கில் ஆண்கள் 100, 200, 400 மூன்றிலுமே உலக சாதனை விழுந்தது. 20.92ல் மனசுக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

நிக்கோல் விஷயத்துக்கு வருகிறேன். 2003ல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ப் பயிற்றுநர் லிஸ் இர்விங்கிடம் சேர்ந்தார். கெய்ரோ நடந்தது அதற்குப் பதினோரு வருஷம் கழித்து. 6-10ல் நிற்கும்போது எங்கே அடிப்பது, மூச்சை எப்படி இழுப்பது என்றெல்லாம் அன்றைக்கா கண்டுபிடித்திருப்பார்? கதவைச் சாத்தியபோது அந்தப் பதினோரு வருஷமும் அவரோடுதான் உள்ளே போயிருக்கிறது.

விளையாட்டு அறிவியல் படிக்கிறேன், அதனால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சியான் பைலாக் என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவும் கால்பந்தாட்டக்காரர்களைப் பந்தை உருட்டிக்கொண்டு போகச் சொல்லி, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கவும் சொன்னார்கள். கைதேர்ந்தவர்கள் அப்போது தடுமாறினார்கள், புதியவர்கள் தடுமாறவில்லை. பழகிப்போன காரியத்தை நடுவில் புகுந்து எட்டிப் பார்த்தால் கெட்டுவிடுகிறது. நெருக்கடியில் நல்ல ஆட்டக்காரருக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். பதினாயிரம் முறை அடித்த அடியை, வெல்லப் போகிறோம் என்று தெரிந்ததும் "சரியா அடிக்கணும்" என்று நினைத்து அடிப்பார்கள். இதைப் போய் வீக் என்று சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த முறை தன்னை இன்னும் உற்றுப் பார்க்கும். கோச் நோயைக் கூட்டிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசு | சனி, இரவு 11.30

இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறீர்கள். உடம்பையும் அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள் லா.

பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய். பெய்ஜிங் 2008 ஒலிம்பிக் இறுதியில் லின் டானிடம் 12-21, 8-21. லண்டன் 2012ல் அதே ஆளிடம் 21-15, 10-21, 19-21. லண்டனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் வூஹானில் தாமஸ் கிண்ணம் ஆடிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். ரியோவில் ஒருவழியாக லின் டானை அரையிறுதியில் சாய்த்தால், இறுதியில் சென் லோங் காத்திருந்தார். மூன்று வெள்ளி. நடுவில் 199 வாரம் தொடர்ந்து உலக முதலிடம். கோச்சாக மிஸ்புன் சீடேக்கும் இருந்தார், பிறகு ஹென்ட்ராவானும் இருந்தார். மனசு இருந்தது, கோச்சும் இருந்தார்கள், தங்கம் எங்கே? லண்டன் ஆட்டத்தை எங்கள் தெருமுனை மாமாக் கடையில் நின்றுகொண்டே பார்த்தேன். கடைசிப் புள்ளி போனதும் யாரும் திட்டவில்லை. தே தாரிக் ஆற்றுகிற அண்ணன் குவளையைக் கீழே வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

சைக்கிள் பந்தய வீரர் அசிசுல்ஹஸ்னியைக் கேளுங்கள். 2011ல் மான்செஸ்டரில் விழுந்து கெண்டைக்காலில் மரச்சிம்பு ஊடுருவியும் எழுந்து கோட்டைத் தாண்டிய மனுஷன். 2017ல் உலக சாம்பியன், தோக்கியோவில் வெள்ளி. பாரிஸ் 2024 கெய்ரின் பந்தயத்தில் முன்னால் போகும் மோட்டார் வண்டி விலகுவதற்குள் அதை முந்திவிட்டார் என்று தகுதி நீக்கம். கண் சிமிட்டும் நேரம்தான். அவருக்கும் மனசு வீக்கா?

பழைய ஓட்டக்காரன் | ஞாயிறு, காலை 7.05

வாசு தம்பி, அதிர்ஷ்டம் என்று சொன்னால் பேச்சே முடிந்துவிடும்.

ஸ்குவாஷ் ஆடும் சிவசங்கரியைப் பார். கெடாவிலிருந்து வந்த நம் பிள்ளை. 2022ல் கார் விபத்து, முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிவு. அடுத்த வருஷமே ஹாங்சோ ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கம், 2024ல் லண்டன் கிளாசிக் பட்டம். இதை எந்தக் கோச்சு கற்றுக் கொடுப்பார்?

மாணவி பிள்ளை, நீ எண் காட்டுகிற ஆள். பயிற்சிக்கு எத்தனை மார்க் என்று ஆய்வில் போட்டிருக்கிறதா?

பந்தாய் மாணவி | ஞாயிறு, காலை 9.20

போட்டிருக்கிறது ஐயா, உங்களுக்குப் பிடிக்கும். 2016ல் மக்னமாராவும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விளையாட்டில் ஆளுக்கு ஆள் இருக்கும் திறமை வித்தியாசத்தில், திட்டமிட்ட பயிற்சியின் அளவு விளக்கியது 18 சதவீதம். உச்சத்தில் இருப்பவர்களுக்குள் மட்டும் ஒப்பிட்டால் 1 சதவீதம்.

பழைய ஓட்டக்காரன் | ஞாயிறு, காலை 9.31

பார்த்தாயா! மிச்சம் 99 மனசு.

பந்தாய் மாணவி | ஞாயிறு, காலை 9.58

இல்லை ஐயா! அந்த 99க்குள் உயரம், தசை, காயம், எந்த வயதில் தொடங்கினார், வீட்டு வசதி, வாசு அண்ணன் சொன்ன அதிர்ஷ்டம் எல்லாம் அடங்கும். உச்சத்தில் இருக்கிற எல்லாருமே உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தவர்கள், அதனால் மணி நேரம் அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை. அது எண்ணியது நேரத்தைத்தான். அந்த நேரத்தில் கோச் என்ன செய்ய வைத்தார் என்பது அந்தக் கணக்கில் வராது. நம் சண்டை அங்கேதான்.

சிவசங்கரியின் உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் முறிந்த கழுத்தோடு திரும்பி வருவதற்கு மருத்துவர், உடலியக்கச் சிகிச்சை, "இன்றைக்கு இவ்வளவு போதும்" என்று நிறுத்தத் தெரிந்த பயிற்றுநர் எல்லாரும் வேண்டும். அவர்கள் படம் பத்திரிகையில் வருவதில்லை.

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. 9-4க்குப் பிறகு, ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள்? நினைவிருக்கிறதா?

கெலுகோர் அம்மா | ஞாயிறு, மாலை 4.10

இதைப் படித்துவிட்டு மத்தியானம் முழுக்க யோசித்தேன். பிறகு அவள் அப்பா கைப்பேசியில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம்.

அவளுக்கு ஒரு பழக்கம். சர்வ் போடுவதற்கு முன்னால் வலது உள்ளங்கையைப் பக்கச் சுவரில் ஒருமுறை தேய்ப்பாள். வியர்வை போக. சின்ன வயதிலிருந்தே அப்படி. வெள்ளைச் சுவரில் அவள் உயரத்துக்கு மங்கலாக ஈரத் தடம் விழும். 9-4 வரைக்கும் ஒவ்வொரு சர்வுக்கும் போய்த் தேய்க்கிறாள். பிறகு எதிரே ஆடிய பிள்ளை சர்வைப் பிடித்து நாலு புள்ளி எடுத்தது. 9-8 ஆன பிறகும் இவள் கைக்குச் சர்வ் திரும்பி வரவே இல்லை, சுவர்ப் பக்கமும் போகவில்லை. புள்ளி முடிந்த உடனே திரும்பிப் போய் நின்றுவிடுகிறாள், மட்டையின் நரம்புகளையே பார்த்துக்கொண்டு. 9-10ல் ஈரக் கையோடுதான் மட்டையைப் பிடித்திருக்கிறாள். பந்து முன்சுவர் அடியில் இருக்கும் தகரத்தில் பட்டது, ஆட்டம் முடிந்தது.

ஆறு மாதமாக அவர் கொடுக்கும் பயிற்சிகளைத் தினமும் எட்டிப் பார்க்கிறேன். எல்லாக் கேமும் 0-0ல்தான் தொடங்கும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசு | ஞாயிறு, மாலை 5.45

அக்கா, அதிர்ஷ்டத்தைப் பற்றி நான் சொன்னதை மாற்றவில்லை. ஆனால் மாதம் இத்தனை ரிங்கிட் வாங்குகிற ஆள் இதைக் கவனிக்கவில்லை என்றால் எனக்கே கோபம் வருகிறது. அம்மா வீடியோவில் பார்த்ததை அவர் நேரில் பார்த்திருக்க வேண்டாமா?

பழைய ஓட்டக்காரன் | ஞாயிறு, இரவு 8.20

எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு வாத்தியார். ஓட்டத்துக்குத் துப்பாக்கி ஏது? ரப்பர் பால் வாளியைக் குப்புறக் கவிழ்த்து ஒரு குச்சியால் தட்டுவார். "ரெடி" சொல்லிவிட்டுச் சில நேரம் உடனே தட்டுவார், சில நேரம் ஒன்றுமே செய்யாமல் நிற்பார். முட்டி நடுங்கும். முந்தினால் திடலைச் சுற்றி ஒரு ஓட்டம். அப்புறம் மாநிலப் போட்டியில் நிஜத் துப்பாக்கி வெடித்தபோது மற்றவன் எல்லாம் துள்ளினான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனசு என்றால் அதுதான்.

பந்தாய் மாணவி | ஞாயிறு, இரவு 8.27

ஐயா, அதற்குப் பெயர்தான் பயிற்சி.

பழைய ஓட்டக்காரன் | ஞாயிறு, இரவு 8.41

நீ அப்படிச் சொல்லு. நான் இப்படிச் சொல்கிறேன். வாளி ஒன்றுதான்.

கெலுகோர் அம்மா | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை

கோச்சை மாற்றுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்று அவள் அப்பா கோர்ட் எடுத்து, 9-8ல் ஆரம்பித்து ஐந்து முறை ஆடினார்கள். மூன்றில் தோற்றாள், அதில் ஒருமுறை அழுதாள். நாலாவதில் எழுந்து போய்ச் சுவரில் கையைத் தேய்த்தாள். யாரும் சொல்லவில்லை.

பழைய ஓட்டக்காரன் | ஞாயிறு, காலை 10.02

அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம், வருகிறேன். வாளி கொண்டுவரட்டுமா?