ஹவுஸ் ஆஃப் அஷர் (1960): தங்கைக்கு உயிர் இருப்பது ராடரிக்குக்குத் தெரியுமா?

இரவுக்காட்சி:
ரோஜர் கார்மன் இயக்கிய ஹவுஸ் ஆஃப் அஷர் நேற்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன், இரவு முழுக்கத் தூக்கமே வரவில்லை. முழுக்கதையும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள். மேட்லினைக் கல்யாணம் செய்துகொள்ள பாஸ்டனிலிருந்து பிலிப் வருகிறான், அவளுடைய அண்ணன் ராடரிக் (வின்சென்ட் பிரைஸ்) எங்கள் ரத்தமே கெட்ட ரத்தம், இந்தக் குடும்பம் எங்களோடு முடியட்டும் என்று தடுக்கிறான். அப்புறம் மேட்லின் இறந்துவிட்டாள் என்று சொல்லி வீட்டுக்கு அடியிலேயே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். அவள் உயிரோடு இருப்பது தெரிந்தே மூடினானா, இல்லை பிறகுதான் தெரிந்ததா?

பழைய ரீல்:
தெரிந்தேதான். சவப்பெட்டிக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள், மேட்லினின் விரல் லேசாக அசையும், ராடரிக் அதைப் பார்த்துவிட்டு அவசரமாக மூடியைச் சாத்துவான், பக்கத்தில் நிற்கும் பிலிப் கவனிக்கவே மாட்டான். அவளுக்கு அவ்வப்போது உடல் விறைத்து மூச்சுகூடத் தெரியாமல் போகும் நோய் இருப்பதை வேலைக்காரர் பிரிஸ்டல் பின்னால் வாய்தவறிச் சொன்ன பிறகுதான் பிலிப்புக்கு விஷயம் உறைக்கிறது. அந்தக் குடும்பத்தின் ரகசியம் என்று மூதாதையர் படங்களைக் காட்டி ராடரிக் சொல்வானே, திருடன், கொலைகாரன், அடிமை வியாபாரி என்று வரிசையாக, என்னைப் பொறுத்தவரை அதெல்லாம் ரகசியமே இல்லை, அவனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். ரகசியம் அந்த விரல்தான்.

கலைவாணி_படிக்கிறாள்:
இந்தப் படத்துக்கு அடிப்படையான, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் மூலக்கதையையும் (1839) படித்துவிடுங்கள், வித்தியாசம் பெரியது. அதில் காதலன் கிடையாது, வருபவன் ராடரிக்கின் சிறுவயது நண்பன், பெயர்கூட இல்லை. அண்ணனும் தங்கையும் இரட்டையர். அவளை நிலவறையில் வைத்த பிறகுதான் பெட்டிக்குள் அசையும் சத்தம் ராடரிக்குக்குக் கேட்கிறது, பல நாளாகக் கேட்டும் சொல்லத் துணிவில்லாமல் இருந்தேன் என்று கடைசியில் கதறுகிறான். அங்கே அவன் கோழை, படத்தில் கொலைகாரன். இந்த மாற்றத்தைச் செய்தவர் திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மாத்திசன். பாவம் செய்த மூதாதையர் கூட்டமும் அவர் சேர்த்ததுதான், போ சொல்வதெல்லாம் அந்த வம்சம் கிளையே விடாமல் ஒற்றைக் கோடாக வந்தது என்பதுதான். மாத்திசன் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கெட்ட ரத்தம் என்று பயந்து பயந்தே அவன் அந்தப் படங்களின் வரிசையில் தானும் போய்ச் சேருகிறான்.

ஒளிப்படக்காரன்:
ஒரு சின்ன மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் ராடரிக் தலையில் கட்டினால் வீட்டை விட்டுவிடுகிறோம். தொங்கும் சரவிளக்கு பிலிப்புக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது, இதெல்லாம் ராடரிக்கின் மனப்பிரமை இல்லையே? பேய்ப்படம் என்கிறீர்கள், பூதம் எங்கே என்று தயாரிப்பாளர் ஆர்காஃப் கேட்டதற்கு, இந்த வீடுதான் பூதம் என்று கார்மன் பதில் சொன்ன கதை பிரபலம். பதினைந்தே நாளில் எடுத்த படம் என்பதை நம்பவே முடியவில்லை. தொடக்கத்தில் பிலிப் குதிரையில் கடந்து வரும் அந்தக் கருகிய மரங்கள் செட் கிடையாது, ஹாலிவுட் மலைப்பக்கம் உண்மையிலேயே காட்டுத்தீ பிடித்த இடத்துக்குப் போய் எடுத்தார்கள். அந்தச் சாம்பல் நிலத்தைப் பார்த்தவுடனே இங்கே ஒன்றும் முளைக்காது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது, அப்புறம் ராடரிக் வம்சத்தைப் பற்றிச் சொல்வதை நாமும் பாதி நம்பிவிடுகிறோம்.

பழைய ரீல்:
வீட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் பெட்டியை மூடியது வீடு இல்லை, கை.

இரவுக்காட்சி:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், விரல் அசைவது நன்றாகவே தெரிகிறது, முதல் முறை பிரைஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் தவறவிட்டிருக்கிறேன். இந்தத் தடவை அவளுக்காகத்தான் அழுகை வந்தது. மூலக்கதையை இன்றிரவு படிக்கிறேன்.