வேர்டில் இருக்கும் கேரமண்ட் யாருடைய எழுத்து?

பாளை_வாசகன்: அண்ணாச்சிமாரே, எங்கள் தெரு நூலகத்தின் ஆண்டு மலருக்கு நான்தான் பக்கம் அமைக்கிறேன். ஆங்கிலப் பக்கங்களுக்கு மைக்ரோசாப்ட் வேர்டில் இருந்த கேரமண்ட் என்ற எழுத்துருவைப் போட்டு, கடைசிப் பக்கத்தில் 'இது 16-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கிளாட் கேரமண்ட் செதுக்கிய எழுத்து' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். பிழை திருத்திய சார் அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து 'இது அவர் எழுத்து இல்லை' என்று எழுதிவிட்டார். பெயரே கேரமண்ட்தானே? நாளை மறுநாள் மலர் சிவகாசிக்குப் போகணும்.

ஈயக்கேஸ்: சார் சொன்னது சரி தம்பி. கேரமண்ட் 1561-இல் இறந்துவிட்டார். வேர்டோடு வருவது மோனோடைப் என்ற அச்செழுத்துக் கம்பெனி 1922-இல் கொண்டுவந்தது, அதற்கு மூலம் ழான் ஜானோன் என்பவர் செடான் ஊரில் 1621-இல் மாதிரி அச்சிட்ட எழுத்து. பாரிஸ் அரசு அச்சகத்தில் கிடந்த ஜானோன் அச்சுகளைக் கேரமண்டுடையவை என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தார்கள். 1926-இல் பீட்ரிஸ் வார்ட் என்ற அம்மையார், பால் போஜோன் என்று ஆண் பெயரில் எழுதி, அதை உடைத்தார்.

நான் பல வருஷம் அச்சகத்தில் ஸ்டிக் என்ற கைத்தட்டில் ஈய எழுத்து கோர்த்தவன். அந்தக் காலத்தில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, குழியில் ஈயக்கலவை ஊற்றி எடுப்பார்கள். அரம் ஒரு இழுப்பு கூடினாலும் செரிப், அதாவது எழுத்தின் நுனியில் நீட்டி நிற்கும் சின்னக் கொம்பு, மாறிவிடும், அதனால்தான் ஆளின் கை தெரிகிறது. பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கி, சின்ன 'எம்', 'என்' தண்டின் இடது உச்சியைப் பாருங்கள்: கரண்டியால் வழித்தது போல் குழிந்து, கூராக நிற்கும். அது ஜானோன் கை.

பாளை_வாசகன்: பார்த்துவிட்டேன் அண்ணாச்சி, அப்படியே இருக்கிறது! அப்போ அசல் வேண்டுமென்றால்?

ஈயக்கேஸ்: ஈபி கேரமண்ட் இலவசமாகக் கிடைக்கும். 1592-இல் பிராங்க்பர்ட்டில் வந்த எகனோல்ப்-பெர்னர் எழுத்து வார்ப்பகத்தின் மாதிரித் தாளைப் பார்த்து வரைந்தது, அந்த 'ஈபி'யே அதுதான். ஆனால் அதில் நேர் எழுத்துக்குத்தான் கேரமண்ட் மூலம், சாய்வெழுத்து ராபர்ட் கிரான்ஜோன் என்ற இன்னொரு எழுத்துச் செதுக்குபவருடையது. பெயர் போடும்போது அவரை விட்டுவிடாதீர்கள்.

கொற்கைக்காரன்: கூடவே நம் கரையையும் சேருங்கள். அந்த 1592 தாளுக்கு 14 வருஷம் முன்னாலேயே, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ நூல் 16 பக்கத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. அதைத் தமிழில் தந்த போர்ச்சுகல் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் உழைத்தது இங்கே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில். பாளையில் மலர் போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

பாளை_வாசகன்: சேர்த்துவிடுகிறேன் அண்ணாச்சி. எழுத்தை மாற்றியதில் எட்டு பக்கம் வரி நகர்ந்துவிட்டது, இன்று ராத்திரி உட்கார்ந்து சரிசெய்கிறேன்.